‘ரியாக்டிவ்’ என்ற ஒரு சொல்: தானம் கொடுத்த இரத்தமும் உறுதிப்படுத்தும் சோதனையும்

கேள்வி (4 பிப்ரவரி 2024)

பதினோரு முறை இரத்த தானம் செய்திருக்கிறேன். பன்னிரண்டாவது முறை கொடுத்த பிறகு இரத்த வங்கியிலிருந்து ஒரு கடிதம் வந்தது. கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் சி வைரஸுக்கான சோதனையில் என் இரத்தம் ‘ரியாக்டிவ்’ என்றும், மாதிரி ரெஃபரன்ஸ் ஆய்வகத்துக்கு அனுப்பப்பட்டிருக்கிறது என்றும், முடிவு வரும்வரை தானம் செய்ய வேண்டாம் என்றும் எழுதியிருக்கிறார்கள். ரியாக்டிவ் என்றால் நோய் இருக்கிறது என்றுதானே பொருள்? அதே இரத்தத்தை இன்னோர் ஆய்வகம் ஏன் சோதிக்க வேண்டும்? முதல் சோதனையை நம்ப முடியாது என்றால் அதை ஏன் செய்கிறார்கள்?

4 பிப்ரவரி, இரவு

பொருள் அதுவன்று. பத்தொன்பது ஆண்டுகளாக ஒரு ரெஃபரன்ஸ் ஆய்வகத்தில், உறுதிப்படுத்தும் சோதனைகளைச் செய்யும் மேசையில்தான் என் வேலை. இந்த ஒரு சொல்லால் உறக்கம் இழந்தவர்கள் எத்தனையோ பேரோடு பேசியிருக்கிறேன். ஆகவே முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன்: ‘ரியாக்டிவ்’ என்பது கருவி கொடுத்த சமிக்ஞையைப் பற்றிய சொல், உங்கள் கல்லீரலைப் பற்றிய சொல்லன்று.

தானமாக வந்த ஒவ்வொரு பையையும் சோதிக்கும் முதற்கட்டச் சோதனை, ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கும்படி வேண்டுமென்றே வடிவமைக்கப்பட்டது. தொற்றுள்ள ஒரு பையைத் தவறவிடுவதைவிட, தொற்றில்லாத பத்துப் பைகளைத் தூக்கி எறிவது மேல் என்ற முடிவு அதற்குள் இருக்கிறது. அதனால் கட்-ஆஃப் என்னும் எல்லை மதிப்பைத் தாழ்வாகவே வைக்கிறார்கள். அதைச் சற்றே தாண்டினாலும் ரியாக்டிவ்தான்.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். எண்கள் விளங்குவதற்காக நானே எடுத்துக்கொண்டவை. ஒரு லட்சம் பேர் தானம் செய்கிறார்கள். அவர்களில் 20 பேருக்கு உண்மையாகவே தொற்று இருக்கிறது. சோதனை அந்த 20 பேரையும் பிடித்துவிடுகிறது. தொற்றில்லாதவர்களில் ஆயிரத்துக்கு 999 பேரைச் சரியாக விட்டுவிட்டு, ஒருவரை மட்டும் தவறாகப் பிடிக்கிறது. கேட்பதற்கு மிக நல்ல சோதனை. ஆனால் அந்த ஆயிரத்துக்கு ஒருவர், ஒரு லட்சத்தில் நூறு பேர் ஆகிவிடுகிறார்கள். மொத்தம் 120 கடிதங்கள் போகும். அவற்றில் 20 மட்டுமே உண்மை. மருத்துவமனைக்கு நோயோடு வருபவர்களிடம் இதே சோதனையைச் செய்தால், ரியாக்டிவ் ஆனவர்களில் பெரும்பாலோர் தொற்றுள்ளவர்களாக இருப்பார்கள். சோதனை மாறவில்லை, சோதிக்கப்படும் கூட்டம்தான் மாறியிருக்கிறது.

உங்கள் நிலை இன்னும் வேறு. பதினோரு முறை தொற்றில்லை என்று வந்தவர்களின் கூட்டத்தில் புதிய தொற்று மிக அரிது. மேலே சொன்ன 20 அங்கே 2 ஆகக் குறைந்துவிடலாம். போலியான நூறு மட்டும் நூறாகவே நிற்கும்.

பையைப் பொறுத்தவரை கேள்வியே எழாது. மறுசோதனையிலும் ரியாக்டிவ் என்றால், உறுதிப்படுத்தும் முடிவு எதுவாயினும் அந்தப் பை அழிக்கப்படும். ரெஃபரன்ஸ் ஆய்வகம் வேலை செய்வது கொடையாளருக்காக மட்டுமே.

5 பிப்ரவரி

நேற்றைய கடைசி வரியைத் திருத்த வேண்டும். ‘மட்டுமே’ என்று எழுதியது தவறு.

நீங்கள் ஏற்கெனவே பதினொரு முறை கொடுத்திருக்கிறீர்கள். ஒவ்வொரு முறையும் உங்கள் இரத்தம் சிவப்பணு, பிளாஸ்மா, பிளேட்லெட் என்று பிரிக்கப்பட்டு வெவ்வேறு நோயாளிகளுக்குப் போயிருக்கும். தொற்று உறுதியானால், கடைசியாகத் தொற்றில்லை என்று வந்த தானம் சாளரக் காலத்தில் எடுக்கப்பட்டதாக இருக்கக்கூடும். அதாவது கிருமி உடலுக்குள் வந்துவிட்டது, சோதனையில் தெரியும் அளவுக்கு இன்னும் வளரவில்லை என்ற காலம். எனவே அந்தத் தானத்தைப் பெற்றவரைத் தேடிப் போய்ச் சோதிக்க வேண்டும். உறைந்த பிளாஸ்மா ஒரு பை இன்னும் குளிர்பெட்டியில் இருந்தால் அதைத் திரும்பப் பெற வேண்டும். இப்படிப் பின்னோக்கித் தேடும் வேலையைத் தொடங்கலாமா வேண்டாமா என்பதே உறுதிப்படுத்தும் முடிவைப் பொறுத்தது. போலி ரியாக்டிவ் ஒன்றுக்காக ஒரு நோயாளியின் வீட்டுக் கதவைத் தட்டி, ‘உங்களுக்கு ஏற்றிய இரத்தத்தில் கிருமி இருந்திருக்கலாம்’ என்று சொல்வது பெருங்கொடுமை. உண்மையான தொற்று இருக்கும்போது தட்டாமல் விடுவது அதனினும் கொடுமை.

7 பிப்ரவரி

‘அதே சோதனைக் கிட்டில் இன்னொரு முறை போட்டுப் பார்த்தால் போதாதா?’ என்று ஒருவர் கேட்டிருக்கிறார். அதை இரத்த வங்கியே செய்துவிடுகிறது. முதல் முறை ரியாக்டிவ் ஆனதும் அதே மாதிரியைச் சோதனைத் தட்டின் இரு குழிகளில் மீண்டும் போடுகிறார்கள். பொதுவான நடைமுறையில் இரண்டில் ஒன்றாவது ரியாக்டிவ் ஆனால்தான் எங்களுக்கு அனுப்புகிறார்கள்.

இந்த மறுசோதனை சில பிழைகளைக் களைந்துவிடும். மாதிரியை அளந்து எடுக்கும் பிப்பெட்டின் நுனியில் காற்றுக்குமிழ் இருந்திருக்கலாம். மாதிரி முழுமையாக உறையாமல் ஃபைப்ரின் என்னும் உறைபுரத இழை ஒன்று குழியில் ஒட்டியிருக்கலாம். குழியைக் கழுவும் கட்டம் சரியாக நடக்காமல் போயிருக்கலாம். பக்கத்துக் குழியில் இருந்த கடுமையான மாதிரியின் ஒரு துளி தெறித்திருக்கலாம். இவையெல்லாம் அந்தக் கணத்தின் பிழைகள். இரண்டாம் முறை வருவதில்லை.

கொடையாளரின் இரத்தத்திலேயே இருக்கும் காரணம் எத்தனை முறை போட்டாலும் வரும். இந்தச் சோதனை தேடுவது, கிருமிக்கு எதிராக உடல் உருவாக்கும் ஆன்டிபாடி என்னும் புரதத்தை; கிட்டில் பூசிய கிருமிப் புரதத்தில் அது ஒட்டினால் சமிக்ஞை வரும். கிட்டில் பூசியிருக்கும் கிருமிப் புரதம் கிருமியிலிருந்து நேரே எடுத்ததன்று, ஈ.கோலை பாக்டீரியாவிலோ ஈஸ்ட்டிலோ வளர்த்துப் பிரித்தது. அந்தப் பாக்டீரியாவின் மிச்சத்துக்கு எதிரான ஆன்டிபாடி நம்மில் பலரிடம் இருக்கிறது. சிலருடைய ஆன்டிபாடிகள் எதன் மேலும் இலேசாக ஒட்டும் இயல்புடையவை. ஆகவே ஒரே கிட்டில் பத்து முறை ரியாக்டிவ் வந்தாலும் அது பத்துச் சாட்சிகளாகாது; ஒரே சாட்சி பத்து முறை சொன்னதுதான்.

ஹெபடைடிஸ் சி-யை உறுதிப்படுத்த முன்பு இருந்த பட்டை வடிவச் சோதனையில் இதற்கு ஓர் அழகான ஏற்பாடு இருந்தது. அதன் புரதங்கள் சில, சூப்பராக்சைடு டிஸ்மியூடேஸ் என்னும் நொதியோடு ஒட்டவைத்து ஈஸ்ட்டில் வளர்க்கப்பட்டவை. அதனால் பட்டையில் அந்த நொதியை மட்டும் தனியாக ஒரு கோட்டில் வைத்திருந்தார்கள். அந்தக் கோடும் தெரிந்தால், கொடையாளரின் ஆன்டிபாடி கிருமியோடு சேராமல் நொதியோடு சேர்ந்திருக்கலாம் என்று புரிந்துகொண்டு, முடிவைத் ‘தீர்மானிக்க இயலாதது’ என்று எழுதுவோம். சோதனை தன் ஐயத்தைத் தானே சொல்லும்படி செய்த ஏற்பாடு அது. 2010களின் தொடக்கத்தில் அதைத் தயாரிப்பதை நிறுத்திவிட்டார்கள். அதன் வேலையைப் பெரும்பாலும் வைரஸின் மரபுப்பொருளான ஆர்.என்.ஏ.வைத் தேடும் சோதனையும், வேறு தயாரிப்பாளரின் இரண்டாவது கிட்டும் சேர்ந்து செய்கின்றன. ஆனாலும் அந்த ஒற்றைக் கோட்டின் இழப்பை நான் இன்றும் உணர்கிறேன்.

8 பிப்ரவரி

‘வேறு தயாரிப்பாளரின் கிட்’ என்று எழுதியதற்கு ஓர் எச்சரிக்கை. பெட்டியின் மேல் பெயர் வேறாக இருக்கலாம், உள்ளே இருக்கும் புரதம் ஒரே இடத்தில் வாங்கியதாக இருக்கலாம். அப்படி இரண்டு கிட்டுகள் ஒரே பிழையைச் செய்யும். நாம் அதை உறுதிப்பாடு என்று எண்ணிவிடுவோம். இரண்டாவது கிட்டைத் தேர்ந்தெடுக்கும்போது புரதத்தின் மூலமும் சோதனையின் அமைப்பும் வேறா என்று பார்க்க வேண்டும்.

10 பிப்ரவரி

எச்.ஐ.வி. பற்றி இருவர் கேட்டிருக்கிறார்கள். கொடையாளர்களிடம் மிகுந்த அச்சத்தை உண்டாக்குவது அதுதான். ஆகவே சற்று விரிவாக எழுதுகிறேன்.

எச்.ஐ.வி. ஆன்டிபாடிக்கான முதல் எலைசா (குழியில் நிறமாற்றமாகக் காட்டும் சோதனை) கிட்டுக்கு அமெரிக்காவில் 1985 மார்ச்சில் உரிமம் கிடைத்தது. அது உருவானதே இரத்த வங்கிகளுக்காக. நோயைக் கண்டறியும் சோதனையாக மக்கள் அதைப் பார்க்கத் தொடங்கியதும் போலி ரியாக்டிவ் என்னும் சிக்கல் பெரிதாகியது. வெஸ்டர்ன் பிளாட் என்ற சோதனை அதன் காவலனாக வந்தது. வைரஸின் புரதங்களை எடை வாரியாகப் பிரித்து ஒரு பட்டையில் பதித்து, அதன் மேல் கொடையாளரின் சீரத்தை (இரத்தம் உறைந்தபின் பிரியும் தெளிந்த நீரை) ஊற்றினால், எந்தெந்தப் புரதத்துக்கு ஆன்டிபாடி இருக்கிறதோ அங்கெல்லாம் கோடு விழும். ஜி.பி.160, ஜி.பி.120, ஜி.பி.41 ஆகியவை வைரஸின் உறைப் புரதங்கள். பி24 உட்கருப் புரதம்.

நான் இந்த மேசைக்கு வந்த முதல் மாதத்தில், கோடுகளை எண்ணத் தெரிந்தால் வேலை முடிந்தது என்று நினைத்தேன். பிறகுதான் தெரிந்தது: ஒரே பட்டையை இரண்டு நெறிமுறைகளின்படி படித்தால் இரண்டு முடிவுகள் வரும். உலக சுகாதார நிறுவனத்தின் நெறிமுறை உறைப் புரதங்களில் இரண்டு கோடுகளைக் கேட்டது. அமெரிக்க நோய்த்தடுப்பு மையத்தின் நெறிமுறைக்கு பி24, ஜி.பி.41, ஜி.பி.120 அல்லது 160 ஆகியவற்றில் ஏதேனும் இரண்டு போதும். பி24-உம் ஜி.பி.41-உம் மட்டும் தெரியும் ஒரு பட்டை, ஒரு நெறிமுறையில் பாசிட்டிவ், மற்றொன்றில் தீர்மானிக்க இயலாதது. கொடையாளர் ஒருவர்தான், குழாய் ஒன்றுதான்.

பி24 கோடு மட்டும் தனியாகத் தெரிவது தொற்றில்லாத கொடையாளர்களிடம் அடிக்கடி காணப்படுவது. இங்கேதான் காலம் ஒரு சோதனைக் கருவியாகிறது. உண்மையான புதிய தொற்றாக இருந்தால் சில வாரங்களில் கோடுகள் ஒன்றன்பின் ஒன்றாகப் பெருகும். தொற்றில்லை என்றால் அதே ஒற்றைக் கோடு அதே மங்கலோடு ஆண்டுக்கணக்கில் அப்படியே நிற்கும். ஒரு கொடையாளரின் பட்டைகளை ஏழு ஆண்டுகளாக நான் பார்த்திருக்கிறேன்; ஏழும் ஒன்றின் மேல் ஒன்று வைத்தால் பொருந்தும். அவர் நலமாக இருக்கிறார். ஆனால் முதல் பட்டைக்கும் இரண்டாம் பட்டைக்கும் இடையே இருந்த ஆறு வாரங்களை அவர் எப்படிக் கழித்தார் என்பதை அவர் சொல்லக் கேட்டபோது, ‘தீர்மானிக்க இயலாதது’ என்ற சொல்லை நான் எவ்வளவு எளிதாகத் தட்டச்சு செய்துவந்தேன் என்று வருந்தினேன். இப்போது அதே நாளில் ஆர்.என்.ஏ. சோதனையையும் செய்துவிட்டுத்தான் அந்தச் சொல்லை எழுதுகிறேன். ஆர்.என்.ஏ. இல்லை, ஒற்றைக் கோடு மட்டும் என்றால், தொற்று இருக்கும் வாய்ப்பு மிகக் குறைவு என்று கூடவே எழுத முடிகிறது.

வெஸ்டர்ன் பிளாட்டைக் கைவிடும்படி உலக சுகாதார நிறுவனம் 2019-இல் பரிந்துரைத்தது. காரணம் சரியானதே. இன்றைய நான்காம் தலைமுறைக் கிட்டுகள் ஆன்டிபாடியோடு பி24 ஆன்டிஜெனையும், அதாவது வைரஸின் புரதத்தையே, சேர்த்துத் தேடுவதால், புதிய தொற்றை அவை வெஸ்டர்ன் பிளாட்டுக்கு முன்பே பிடித்துவிடுகின்றன. காவலன், தான் காக்க வேண்டியவரைவிடப் பின்னால் வந்து சேர்கிறான்.

14 பிப்ரவரி

ஹெபடைடிஸ் பி-யைத் தொடாமல் இந்தப் பேச்சு முழுமையாகாது. என் வேலை வாழ்வில் நான் செய்யவிருந்த பெரிய தவறும் இதில்தான்.

இங்கே முதற்கட்டச் சோதனை தேடுவது வைரஸின் மேற்பரப்பு ஆன்டிஜெனை. அமெரிக்க மருத்துவர் பரூக் பிளம்பெர்க் 1960களில் கண்டுபிடித்து, முதலில் ‘ஆஸ்திரேலியா ஆன்டிஜென்’ என்று அழைக்கப்பட்டது இதுவே. 1976-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. இதை உறுதிப்படுத்தும் முறை எளிமையானது. மாதிரியை இரண்டாகப் பிரிக்கிறோம். ஒன்றில் அந்த ஆன்டிஜெனுக்கு எதிரான ஆன்டிபாடியைச் சேர்க்கிறோம், மற்றதில் சேர்ப்பதில்லை. இருப்பது உண்மையான ஆன்டிஜென் என்றால் சேர்த்த ஆன்டிபாடி அதைப் பிடித்து மூடிவிடும். சமிக்ஞை பாதிக்கு மேல் விழும். போலியான ஒட்டுதல் என்றால் ஆன்டிபாடிக்குப் பிடிக்க எதுவும் இல்லை. சமிக்ஞை அப்படியே நிற்கும். நியூட்ரலைசேஷன் என்று சொல்வோம்.

என் மூன்றாம் ஆண்டில் ஒரு மாதிரி வந்தது. ஆன்டிபாடி சேர்த்த குழியிலும் சேர்க்காத குழியிலும் ஒரே சமிக்ஞை. விழவில்லை. விதிப்படி ‘உறுதிப்படவில்லை’ என்று பதிவேட்டில் எழுதிவிட்டேன். கையெழுத்திட வேண்டிய மூத்தவர் தாளைப் பார்த்துவிட்டு ஒரே கேள்வி கேட்டார்: “இரண்டு குழியுமே கருவியின் உச்சத்தில் நிற்கின்றனவே, போலி எங்கேயாவது இவ்வளவு உயரத்தில் நிற்குமா?” மாதிரியை ஐநூறு மடங்கு நீர்த்து மீண்டும் போடச் சொன்னார். போட்டேன். ஆன்டிபாடி சேர்த்த குழியில் சமிக்ஞை தரையில் கிடந்தது. அந்த இரத்தத்தில் ஆன்டிஜென் அவ்வளவு நிறைந்திருந்ததால் நான் சேர்த்த ஆன்டிபாடி முழுவதும் செலவாகி, மிச்சமிருந்த ஆன்டிஜெனே கருவியை உச்சத்துக்குக் கொண்டுபோகப் போதுமானதாக இருந்திருக்கிறது. மிகக் கடுமையான தொற்றுள்ள ஒருவருக்கு ‘தொற்றில்லை’ என்ற கடிதம் போக ஒரு கையெழுத்துத்தான் பாக்கி இருந்தது. அன்று முதல் எந்த முடிவையும் சமிக்ஞையின் உயரத்தைப் பார்க்காமல் நான் படிப்பதில்லை. கட்-ஆஃப்பைச் சற்றே தாண்டியதும், நூறு மடங்கு தாண்டியதும் ‘ரியாக்டிவ்’ என்ற ஒரே சொல்லால் குறிக்கப்படுகின்றன. இரண்டும் ஒரே செய்தியன்று.

இதன் மறுபுறமும் உண்டு. வேறொரு கொடையாளரின் மாதிரியில் மேற்பரப்பு ஆன்டிஜென் இலேசாக ரியாக்டிவ். நியூட்ரலைசேஷனில் ஒழுங்காக விழுந்தது. விதிப்படி உறுதிப்பட்டது. ஆனால் வைரஸின் டி.என்.ஏ. இல்லை, உண்மையான தொற்று விட்டுச்செல்லும் அடையாளமான, வைரஸின் உட்கருவுக்கு எதிரான ஆன்டிபாடியும் இல்லை. இரத்த வங்கியை அழைத்து, அவர் அண்மையில் ஹெபடைடிஸ் பி தடுப்பூசி போட்டுக்கொண்டாரா என்று கேட்கச் சொன்னேன். தானம் கொடுப்பதற்கு நான்கு நாட்களுக்கு முன்பு போட்டிருக்கிறார். தடுப்பூசியில் இருப்பதே அந்த மேற்பரப்பு ஆன்டிஜென். ஊசி போட்ட சில நாட்கள், சிலரிடம் இரண்டு மூன்று வாரங்கள்கூட, அது இரத்தத்தில் தெரியும். சோதனை பொய் சொல்லவில்லை. உறுதிப்படுத்தும் சோதனையும் பொய் சொல்லவில்லை. ஆன்டிஜென் உண்மையாகவே இருந்தது, தொற்றுதான் இல்லை. ஒரு மாதம் கழித்து எடுத்த மாதிரி சுத்தமாக இருந்தது.

இந்த இரண்டு மாதிரிகளும் எனக்குக் கற்றுத்தந்தது ஒன்றுதான்: உறுதிப்படுத்தும் சோதனை என்று எந்த ஒற்றைச் சோதனைக்கும் பெயர் வைக்கக் கூடாது. பல அடையாளங்கள் ஒன்றுக்கொன்று பொருந்துகின்றனவா என்று பார்ப்பதே உறுதிப்படுத்தல்.

15 பிப்ரவரி

நேற்று ‘பாதிக்கு மேல்’ என்று எழுதினேன். ஒவ்வொரு கிட்டும் தன் வரம்பைத் தானே அச்சிட்டுத் தருகிறது. ஐம்பது விழுக்காடு என்பது பழக்கமான அளவு. கையில் இருக்கும் கிட்டின் தாளைப் பின்பற்றுங்கள், என் வரியைப் பின்பற்ற வேண்டாம்.

21 பிப்ரவரி

‘இப்போதுதான் நியூக்ளிக் அமிலப் பரிசோதனை வந்துவிட்டதே, அது வைரஸின் மரபுப்பொருளையே நேராகப் பார்க்கிறது, இனி மற்றவை எதற்கு?’ என்ற கேள்வி எதிர்பார்த்ததுதான்.

முதலில் அதன் பெருமையைச் சொல்லிவிடுகிறேன். 1990களின் இறுதியில் இரத்த வங்கிகளுக்குள் வந்த இந்தச் சோதனை சாளரக் காலத்தை வெகுவாகக் குறுக்கியது. ஹெபடைடிஸ் சி-யில் ஆன்டிபாடி தோன்ற எட்டு வாரங்களுக்கு மேலும் ஆகலாம், ஆர்.என்.ஏ. ஒன்றிரண்டு வாரங்களிலேயே தெரிந்துவிடும். அந்த வைரஸ் தொடக்கத்தில் அரை நாளுக்குள் இரட்டிக்கிறது, எச்.ஐ.வி. ஏறத்தாழ ஒரு நாளுக்குள் இரட்டிக்கிறது. ஹெபடைடிஸ் பி-க்கு இரண்டரை நாட்களுக்கு மேல் ஆகிறது. மூன்றிலும் ஹெபடைடிஸ் பி-யின் சாளரம்தான் நீண்டது என்பதற்கு இந்த மந்தமான இரட்டிப்பும் ஒரு காரணம்.

ஆனால் அதன் முடிவையும் உறுதிப்படுத்த வேண்டியிருக்கிறது. பல இரத்த வங்கிகள் ஆறு, பதினாறு, இருபத்து நான்கு என்று மாதிரிகளை ஒன்றாகக் கலந்து சோதிக்கின்றன. கலவை ரியாக்டிவ் ஆனால் ஒவ்வொன்றையும் தனித்தனியே போட்டுப் பார்க்கிறார்கள். சில வேளைகளில் கலவை ரியாக்டிவ், தனித்தனியே எதுவும் ரியாக்டிவ் இல்லை. அல்லது மூன்று வைரஸ்களையும் சேர்த்துத் தேடும் சோதனையில் ரியாக்டிவ், எந்த வைரஸ் என்று பிரித்துப் பார்த்தால் ஒன்றும் இல்லை.

‘மீண்டும் வரவில்லை, எனவே போலி’ என்று முடிவு கட்டுவது இங்கே ஆபத்து. ஒரு சோதனைக்கு எடுக்கும் பிளாஸ்மாவில் சராசரியாக ஒரே ஒரு வைரஸ் துகள்தான் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பிப்பெட்டில் அது வரவும் செய்யும், வராமலும் போகும். அரிய நிகழ்வுகளுக்கான கணக்குமுறையான பாய்சான் பரவலின்படி, ஒன்றுமே வராமல் போகும் வாய்ப்பு ஏறத்தாழ 37 விழுக்காடு. அதாவது தொற்று உண்மையாகவே இருக்கும்போதும் மூன்றில் ஒரு முறைக்குமேல் சோதனை ‘இல்லை’ என்று சொல்லும். மேற்பரப்பு ஆன்டிஜென் தெரியாமல் டி.என்.ஏ. மட்டும் சொற்பமாக இருக்கும் மறைந்த ஹெபடைடிஸ் பி இப்படித்தான் ஒளிந்து விளையாடும். அத்தகைய மாதிரியை நாங்கள் பல முறை போடுகிறோம். இயன்றால் பெரிய அளவு பிளாஸ்மாவை எடுத்து, அதிவேகச் சுழற்சியில் வைரஸை அடியில் திரட்டிச் சோதிக்கிறோம். உட்கரு ஆன்டிபாடி இருக்கிறதா என்று பார்க்கிறோம். அது இருந்தால், வந்து வந்து மறையும் அந்த டி.என்.ஏ.வை நான் நம்புவேன்.

எதிர்ப்புறமும் கவனிக்க வேண்டும். ஆர்.என்.ஏ. இல்லை என்பதால் மட்டும் ஆன்டிபாடி முடிவைப் போலி என்று தள்ளிவிட முடியாது. ஹெபடைடிஸ் சி தொற்றியவர்களில் ஏறத்தாழ நூற்றுக்கு முப்பது பேர், மருந்தில்லாமலே சில மாதங்களில் வைரஸை வென்றுவிடுகிறார்கள். ஆன்டிபாடி மட்டும் நீண்ட காலம் தங்குகிறது. எச்.ஐ.வி.யில் மருந்து உட்கொள்பவர்களிடம் ஆர்.என்.ஏ. காணாமல் போயிருக்கும், ஆன்டிபாடி வலுவாக நிற்கும்.

25 பிப்ரவரி

பாலுறவால் பரவும் சிபிலிஸ் நோய் பற்றிச் சுருக்கமாக. கிருமிக்கு எதிரான ஆன்டிபாடி சிகிச்சைக்குப் பிறகும் பெரும்பாலோரிடம் வாழ்நாள் முழுதும் இருக்கும். எனவே உறுதிப்பட்ட முடிவு என்றாலும், அது முப்பது ஆண்டுகளுக்கு முன்பு குணமான நோயின் நினைவாக இருக்கலாம். ஆர்.பி.ஆர். போன்ற, நோயின் தீவிரத்தோடு ஏறி இறங்கும் இன்னொரு சோதனையைச் சேர்த்துப் படித்தால்தான் இப்போதைய நிலை தெரியும். வயதான தம்பதியினரின் வீட்டுக்கு இந்த விளக்கம் இல்லாத கடிதம் போகக் கூடாது.

2 மார்ச்

கடிதங்களைப் பற்றி எழுதாமல் தள்ளிப்போட்டுக்கொண்டிருந்தேன்.

சில ஆண்டுகளுக்கு முன்பு ஒரு பெண் கொடையாளர் எங்கள் ஆய்வகத்துக்கே நேரில் வந்தார். அவருக்கு வந்த கடிதத்தில் ‘எச்.ஐ.வி. பாசிட்டிவ்’ என்றே எழுதியிருந்தது. முதற்கட்டச் சோதனை முடிந்த உடனேயே, எங்கள் முடிவுக்குக் காத்திராமல், யாரோ ஒருவர் ‘ரியாக்டிவ்’ என்பதற்குப் பதிலாக ‘பாசிட்டிவ்’ என்று எழுதி அனுப்பிவிட்டார். எங்கள் சோதனைகள் அனைத்திலும் அவருக்குத் தொற்றில்லை. அதைச் சொன்னபோது அவர் மகிழவில்லை. “என் கணவரிடம் இதை நான் எப்படி நம்பவைப்பேன்?” என்று கேட்டார். ஒரு முறை எழுதப்பட்ட சொல்லை, அதற்குப் பின்னால் எழுதப்படும் எந்தச் சொல்லும் முழுதாக அழிப்பதில்லை. அன்று அவரோடு இரண்டு மணி நேரம் உட்கார்ந்து, ஒவ்வொரு சோதனையின் தாளையும் காட்டி, அவர் கணவருக்கும் விளங்கும்படி ஒரு விளக்கத்தைக் கையால் எழுதிக்கொடுத்தேன். அப்படி எழுதுவது என் வேலையில் அடங்குமா என்று தெரியாமல்தான் எழுதினேன். இப்போது அது அடங்கும் என்று உறுதியாக நம்புகிறேன்.

இன்னொன்று: உண்மையான பாசிட்டிவ் முடிவும் தவறான மனிதருக்குப் போகலாம். குழாயில் ஒட்டிய சீட்டு மாறியிருந்தால், சோதனை முழுவதும் சரியாக நடந்து, முடிவு முழுவதும் தவறாகிவிடும். அதனால்தான் பையோடு இணைந்திருக்கும் குழாய்த் துண்டிலிருந்து ஒரு துளியை எடுத்துச் சரிபார்க்கிறோம்; கொடையாளரை அழைத்துப் புதிதாக ஒரு மாதிரி எடுக்காமல் நோய் என்று சொல்லக் கூடாது என்கிறோம். இரண்டாம் மாதிரிக்கு அழைக்கும்போது, ‘இவர்கள் எதையோ மறைக்கிறார்கள்’ என்று கொடையாளர்கள் அஞ்சுகிறார்கள். அஞ்ச வேண்டாம். முதல் குழாய் உங்களுடையதுதானா என்று உறுதி செய்துகொள்ளும் கடமை எங்களுக்கு இருக்கிறது.

9 மார்ச்

‘எங்கள் பழைய மாதிரிகளை ஏன் ஆண்டுக்கணக்கில் உறைய வைத்திருக்கிறீர்கள்?’ என்று ஒருவர் சற்று ஐயத்தோடு கேட்டிருக்கிறார். ஐயம் நியாயமானது, ஒப்புதல் இல்லாமல் வைக்கக் கூடாது.

வைப்பதன் பயனுக்கு ஹெபடைடிஸ் சி-யின் வரலாறே சான்று. 1970களில், ஏ-யும் இல்லாத பி-யும் இல்லாத ஏதோ ஒரு ஹெபடைடிஸ் இரத்தம் வழியாகப் பரவுகிறது என்று தெரிந்தது, கிருமி அகப்படவில்லை. அமெரிக்க மருத்துவர் ஹார்வி ஆல்ட்டர், இரத்தம் ஏற்றப்பட்டவர்களின் மாதிரிகளைப் பல ஆண்டுகளாகச் சேமித்து, அவற்றிலிருந்து குறியீடு இட்ட ஒரு தொகுப்பை உருவாக்கினார். தொற்றுள்ளவையும் இல்லாதவையும் கலந்திருந்தன, சில மாதிரிகள் இரண்டு முறை வெவ்வேறு எண்ணில் வைக்கப்பட்டிருந்தன. கிருமியைக் கண்டுபிடித்துவிட்டோம் என்று வந்தவர்கள் பலரும் இந்தத் தொகுப்பில் தோற்றார்கள். அறிவியலாளர் மைக்கேல் ஹவுட்டனின் குழு உருவாக்கிய சோதனைதான் குறியீட்டை உடைத்தது. 1989-இல் ஹெபடைடிஸ் சி என்ற பெயர் உலகுக்கு வந்தது. 2020-இல் இவ்விருவருக்கும் வைரஸ் ஆய்வாளர் சார்லஸ் ரைஸுக்கும் நோபல் பரிசு கிடைத்தது. பெயர் தெரியாத நோயாளிகளின் உறைந்த குழாய்கள் அன்று இல்லையென்றால், தவறான சோதனை ஒன்று சரியானதென்று ஏற்கப்பட்டிருக்கவும் கூடும்.

18 மார்ச்

முதல் கேள்வியைக் கேட்டவர் தம் முடிவைப் பகிர்ந்துகொண்டிருக்கிறார். அவர் அனுமதியோடு படித்துச் சொல்கிறேன். முதற்கட்டச் சோதனையில் சமிக்ஞை கட்-ஆஃப்பைப் போல 1.6 மடங்கு. மறுசோதனையிலும் ஏறத்தாழ அதே அளவு. வேறு கிட்டில் ரியாக்டிவ் இல்லை. ஆர்.என்.ஏ. தனி மாதிரியாகச் சோதித்ததில் இல்லை. ஆறு வாரம் கழித்து எடுத்த இரண்டாம் மாதிரியிலும் இதே நான்கு வரிகள்.

‘இது தொடக்கநிலைத் தொற்றாக இருந்து, பிறகு வெளிப்பட்டால்?’ என்று கேட்டிருக்கிறீர்கள். ஹெபடைடிஸ் சி-யில் வரிசை தலைகீழ்: முதலில் ஆர்.என்.ஏ. வரும், பல வாரங்கள் கழித்து ஆன்டிபாடி வரும். ஆன்டிபாடி இலேசாகத் தலைகாட்டும் வேளையில் ஆர்.என்.ஏ. பெரும்பாலும் நிறைந்திருக்க வேண்டும். உங்களிடம் அது இரு முறையும் இல்லை. ஆன்டிபாடிச் சமிக்ஞையும் ஆறு வாரத்தில் ஏறவில்லை. ‘பழைய தொற்று குணமாகி, ஆன்டிபாடி மட்டும் மிச்சமோ?’ என்றால், பதினோரு தானங்கள் அதற்கு எதிராக நிற்கின்றன. இரண்டாவது கிட்டும் எதிராக நிற்கிறது. இது போலி ரியாக்டிவ். உங்கள் மனைவியும் பிள்ளைகளும் சோதித்துக்கொள்ள வேண்டியதில்லை.

மீண்டும் தானம் செய்ய முடியுமா என்பது நீங்கள் வாழும் இடத்து விதியைப் பொறுத்தது. சில இடங்களில், குறிப்பிட்ட காலம் காத்திருந்து மறுபடி சோதித்துச் சேர்த்துக்கொள்கிறார்கள். சில இடங்களில் நிரந்தரமாக விலக்கிவிடுகிறார்கள். விலக்கப்பட்டால் அது உங்கள் மேல் உள்ள ஐயத்தால் என்று எண்ணாதீர்கள். அதே கிட் இருக்கும்வரை உங்கள் இரத்தம் மீண்டும் அதே 1.6-ஐக் காட்டும், நீங்கள் கொடுக்கும் பை மீண்டும் அழிக்கப்படும். அந்த வங்கி எந்தக் கிட்டைப் பயன்படுத்துகிறது என்று எழுதிக் கேளுங்கள். கிட் மாறிய பிறகு மறுபடி கேளுங்கள். உறுதிப்படுத்தும் சோதனையின் தாளைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். அறுவை சிகிச்சைக்கு முன்போ காப்பீட்டுக்காகவோ யாராவது உங்களை இதே கிட்டில் சோதித்தால், முடிவு வருவதற்கு முன்பே அந்தத் தாளை மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.